ரூட் சாவி மாறுகிறது, உங்கள் சர்வருக்குத் தெரியுமா? – வாசகர் கேள்வி பதில்

இணையத்தில் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பின் உச்சியில், ரூட் எனப்படும் இடத்தில், ஒரு சாவி இருக்கிறது. அதை 2026 அக்டோபர் 11ஆம் தேதி மாற்றப்போவதாக, இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு அறிவித்துள்ளது. இது குறித்து வட சென்னையிலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில், புள்ளியும் கோடும் இடைவெளியும் பிசகாமல் அடிக்க வேண்டும்.

தண்டையார்பேட்டையில் கேபிள் டிவியோடு இன்டர்நெட்டும் கொடுக்கிறோம். சுமார் 900 இணைப்புகள். இரண்டு உபுண்டு சர்வர்களில் அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருள் ஓடுகிறது. அமைத்துக் கொடுத்த தம்பி துபாய் போய்விட்டார். எது மாறுகிறது, நாங்கள் எதைத் தொட வேண்டும்?
– ஒரு கேபிள் ஆபரேட்டர்

வாடிக்கையாளர் ஒரு தளத்தின் பெயரை அடித்ததும் உங்கள் அன்பவுண்ட் சர்வர் அதன் முகவரியைத் தேடி எடுக்கிறது. வந்த பதில் அசலா, நடுவில் யாராவது மாற்றினார்களா என்று பார்ப்பதுதான் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பு. தளத்தின் கையெழுத்துக்கு டாட் காம், டாட் இன் போன்ற மேல்நிலை சாட்சி. மேல்நிலைக்கு ரூட் சாட்சி. ரூட்டுக்கு மேல் யாரும் கிடையாது. அதனால் அதன் சாவியின் நகலை உங்கள் சர்வர் தன்னிடமே வைத்திருக்க வேண்டும். வங்கியில் மாதிரிக் கையெழுத்து அட்டை இருக்கிறதே, அதுபோல. கணக்குக்காரர் கையெழுத்தை மாற்றி, கிளையில் பழைய அட்டையே கிடந்தால் நல்ல காசோலையும் திரும்பும்.

ரூட் முதன்முதலில் கையெழுத்தானது 2010 ஜூலையில். அப்போதைய சாவியின் எண் 19036. அடுத்து வந்தது 20326. அதை 2017 அக்டோபர் 11 அன்று அமலுக்குக் கொண்டுவர நாள் குறித்தார்கள். ஆனால் பல ரிசால்வர்கள் (பெயருக்கு முகவரி தேடித் தரும் சர்வர்கள்) இன்னும் பழைய சாவியையே நம்பிக்கொண்டிருப்பது தெரிந்ததும் தள்ளிவைத்து, 2018 அக்டோபர் 11 அன்று மாற்றினார்கள். இப்போது வருவது மூன்றாவது சாவி, எண் 38696. 2024இல் உருவாக்கப்பட்ட இந்தச் சாவி 2025 ஜனவரி 11 முதல் ரூட்டில் 20326-க்குப் பக்கத்தில் வெளியிடப்பட்டு வருகிறது. கையெழுத்து மட்டும் இன்னும் பழையதன் கையில் இருக்கிறது.

ஒழுங்காக ஓடும் சர்வர் புதிய சாவியைத் தானே கற்றுக்கொள்ளும். ஆர்எஃப்சி 5011 என்ற நெறிமுறை அதற்காகவே இருக்கிறது. பழைய சாவியின் கையெழுத்தோடு புதியது ஒன்று வந்திருப்பதைப் பார்த்ததும் சர்வர் அதைக் குறித்துக்கொள்ளும். 30 நாள் இடைவிடாமல் அது அங்கேயே இருந்தால் நம்பத் தொடங்கும். அப்படியென்றால் நமக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்தக் குறிப்பை எழுத சர்வருக்கு ஓர் இடம் வேண்டும், எழுத அனுமதியும் வேண்டும். கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் அன்பவுண்டின் கான்ஃபிக் கோப்புகளைத் திறந்து ரூட் சாவி எந்த வரியில் வருகிறது என்று பாருங்கள். 'ஆட்டோ-ட்ரஸ்ட்-ஆங்கர்-ஃபைல்' என்றிருந்தால் தானாகக் கற்கும். முன்னால் 'ஆட்டோ' இல்லாமல் வெறும் 'ட்ரஸ்ட்-ஆங்கர்-ஃபைல்' என்றிருந்தால் எழுதி வைத்ததை மட்டும் நம்பும்; எத்தனை மாதம் ஓடினாலும் கற்காது. உபுண்டுவில் இந்த வரி பெரும்பாலும் 'அன்பவுண்ட்.கான்ஃப்.டி' அடைவுக்குள் தனிக் கோப்பில் இருக்கும்.

அடுத்து அந்த வரி காட்டும் கோப்பு. உபுண்டுவில் வழக்கமாக '/வார்/லிப்/அன்பவுண்ட்/ரூட்.கீ'. திறந்தால் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு நீளமான வரி, அதன் கடைசியில் 'ஸ்டேட்' என்று ஓர் எண். 38696 உள்ள வரியில் 'ஸ்டேட்=2 வேலிட்' என்று இருந்தால் அந்த சர்வர் தயார். 'ஸ்டேட்=1 ஆட்பெண்ட்' என்றால் 30 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. 38696 கண்ணிலேயே படவில்லை என்றால் சிக்கல். மேலே 'லாஸ்ட் சக்சஸ்' வரியில் உள்ள தேதியையும் பாருங்கள். நேற்றோ இன்றோ இல்லாமல் பல மாதம் பின்னால் நின்றால், சர்வர் வெகுநாளாகக் கோப்பை எழுத முடியாமல் தவிக்கிறது என்று பொருள்.

இங்கே பலர் தவறுவது உரிமையில். அன்பவுண்ட் நேராக 'ரூட்.கீ' மேல் எழுதுவதில்லை. பக்கத்தில் தற்காலிகக் கோப்பு ஒன்றை உருவாக்கி, எழுதி முடித்ததும் பெயரை மாற்றும். ஆகவே கோப்புக்கு உரிமை கொடுத்தால் போதாது, அடைவே 'அன்பவுண்ட்' பயனர் எழுதும்படி இருக்க வேண்டும். 'குட் நாட் ஓப்பன் ஆட்டோட்ரஸ்ட் ஃபைல் ஃபார் ரைட்டிங்' என்று லாகில் வந்தால் இதுதான் காரணம். சர்வரை ஒரே அடைவுக்குள் அடைக்கும் 'சிஎச்ரூட்' போட்டிருந்தால் பாதை அந்தச் சிறைக்குள்ளிருந்து கணக்கிடப்படும் என்பதையும் மறக்க வேண்டாம். டாக்கரில் ஓட்டுபவர்கள் அந்த அடைவுக்கு நிரந்தர வால்யூம் கொடுக்காவிட்டால், கன்டெய்னரைப் புதிதாக எழுப்பும் ஒவ்வொரு முறையும் 30 நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

இரண்டு சர்வரையும் தனித்தனியே பாருங்கள். ஒன்றில் சரியாக இருப்பதால் மற்றதிலும் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். இரண்டாவது சர்வர் பெரும்பாலும் பழைய படிமத்திலிருந்து பிறந்ததாக இருக்கும்.

ஏதாவது பழுது தெரிந்தால் செப்டம்பர் முதல் வாரத்துக்குள் சரிசெய்துவிடுங்கள். 30 நாள் கணக்குப்படி செப்டம்பர் 10-ஐத் தாண்டினால் தானாகக் கற்பதற்கு அவகாசம் போதாது. அப்புறம் கையால்தான் போட வேண்டும்: சேவையை நிறுத்தி, 'ரூட்.கீ' கோப்பை வேறு பெயரில் ஒதுக்கிவைத்து, 'அன்பவுண்ட்-ஆங்கர் -ஏ கோப்பின் பாதை -வி' ஓட்டி, உரிமையை 'அன்பவுண்ட்' பயனருக்கு மாற்றி, சேவையை எழுப்புங்கள். இந்தக் கருவி தேவைப்பட்டால், ரூட் சாவியை வெளியிடும் ஐயானா தளத்திலிருந்து சான்றிதழ் சரிபார்த்துச் சாவியை எடுத்துவரும். ஒரு வினோதம் உண்டு. சாவியை வெற்றிகரமாகப் புதுப்பித்தால் இது 1 என்ற குறியீட்டோடு முடியும். ஸ்கிரிப்டில் வைத்திருந்தால் தோல்வி என்று காட்டிப் பயமுறுத்தும். கோப்பைத் திறந்து பார்த்து முடிவு செய்யுங்கள். கருவி பழைய பதிப்பாக இருந்தால் முதலில் அன்பவுண்டையும் 'டிஎன்எஸ்-ரூட்-டேட்டா' பொதியையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 'புதுசு வந்துவிட்டதே, பழசு எதற்கு' என்று 20326-ஐ அழித்துவிடாதீர்கள். அக்டோபர் 11 வரை கையெழுத்திடுவது அதுதான். இன்றைக்கு அழித்தால் 900 வீட்டிலும் இன்றைக்கே தளங்கள் திறக்காது. புதிய சாவியை மட்டும் போட்டு 'டெஸ்ட்' செய்து பார்ப்பதும் இதே வகைதான். அந்தச் சோதனை அக்டோபருக்கு முன் தோற்கத்தான் செய்யும்.

'உங்கள் இன்டர்நெட் செக்யூரிட்டி கீ காலாவதியாகிறது, மாற்றாவிட்டால் நெட் கட்டாகும், ஓடிபி சொல்லுங்கள்' என்று போன் வந்தது. உண்மையா?
– ராயபுரம் வாசகி

மோசடி. ரூட் சாவி மாற்றத்துக்காக வீட்டில் இருப்பவர் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை. வைஃபை பாஸ்வேர்டு, வங்கிக் கடவுச்சொல், சிம் கார்டு எதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இதற்கென்று யாரும் போன் செய்ய மாட்டார்கள், ஓடிபி கேட்க மாட்டார்கள், செயலி நிறுவச் சொல்ல மாட்டார்கள். ஓடிபி சொல்லிப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். உடனே சொன்னால்தான் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கும்.

வியாசர்பாடியில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். சென்டோஸ் 7, அதோடு வந்த டிஎன்எஸ் மென்பொருள் பைண்ட் 9.11. அப்டேட் நின்றுவிட்டது. புது சர்வருக்கு இந்த ஆண்டு நிதி இல்லை. சமாளிக்க முடியுமா?
– ஆய்வக உதவியாளர்

சென்டோஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்தது. பாதுகாப்புக் கண்ணோட்டத்தில் அதை மாற்றத்தான் வேண்டும். ஆனால் சாவி மாற்றம் என்ற அளவில் அந்த சர்வர் தாக்குப்பிடிக்கும், கற்க அனுமதித்திருந்தால்.

'நேம்டு.கான்ஃப்' கோப்பில் 'டிஎன்எஸ்செக்-வேலிடேஷன்' என்ற வரியைத் தேடுங்கள். 'ஆட்டோ' என்றிருந்தால் பைண்ட் தன்னுடன் வந்த ரூட் சாவியில் தொடங்கி, மேலே சொன்ன 5011 முறையில் அடுத்ததைக் கற்கும். 'எஸ்' என்றிருந்தால் நீங்கள் குறிப்பிட்ட சாவியை மட்டுமே பயன்படுத்தும், அதனால் அந்தச் சாவி எங்கே, எந்த வடிவில் இருக்கிறது என்று தேட வேண்டும். 'மேனேஜ்டு-கீஸ்' தொகுதிக்குள் இருந்தால் நல்லது. 'ட்ரஸ்டெட்-கீஸ்' தொகுதிக்குள் இருந்தால் அது கல்வெட்டு, தானாக மாறாது. புதிய பைண்ட் பதிப்புகளில் இவ்விரண்டும் 'ட்ரஸ்ட்-ஆங்கர்ஸ்' என்ற ஒரே தொகுதியாகிவிட்டன. அதற்குள் 'இனிஷியல்-கீ' என்றால் கற்கும், 'ஸ்டாட்டிக்-கீ' என்றால் கற்காது.

உங்கள் சர்வரில் 'ஆர்என்டிசி செக்ரூட்ஸ்' கட்டளை கொடுத்தால் 'நேம்டு.செக்ரூட்ஸ்' என்று ஒரு கோப்பு உருவாகும். அதில் ரூட்டுக்கு நேரே 20326, 38696 இரண்டும் 'மேனேஜ்டு' என்று தெரிய வேண்டும். உங்கள் பதிப்பில் இருந்தால் 'ஆர்என்டிசி மேனேஜ்டு-கீஸ் ஸ்டேட்டஸ்' என்றும் கேட்கலாம். 'ட்ரஸ்டெட் சின்ஸ்' என்று தேதி காட்டினால் சரி, 'ட்ரஸ்ட் பெண்டிங்' என்றால் காத்திருப்பு.

38696 இல்லையென்றால் முதல் சந்தேகம் '/வார்/நேம்டு/டைனமிக்' அடைவின் மேல். அது 'நேம்டு' பயனருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். யாரோ ஒரு நாள் கணினி நிர்வாகியான 'ரூட்' பயனராகக் கோப்புகளை நகலெடுத்து வைத்திருப்பார்கள், அன்றோடு எழுத்து நின்றிருக்கும். 'மேனேஜ்டு-கீஸ்.பைண்ட்.ஜேஎன்எல்: கிரியேட்: பர்மிஷன் டினைடு' என்ற வரி லாகில் வரிசையாகக் கிடக்கும். எஸ்இலினக்ஸ் பாதுகாப்பு முத்திரை மாறியிருந்தாலும் இதே பிழைதான். அடைவின் மேல் 'ரெஸ்டோர்கான் -ஆர்' ஓட்டினால் தீரும்.

பைண்டில் பலருக்குத் தெரியாத ஒரு கிடுக்கி இருக்கிறது. 'மேனேஜ்டு-கீஸ்.பைண்ட்' கோப்பு ஒருமுறை உருவாகிவிட்டால், பைண்ட் அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ளும். அதன்பின் கான்ஃபிக்கில் தொடக்கச் சாவியாக நீங்கள் எதைச் சேர்த்தாலும் ஏறெடுத்துப் பார்க்காது. 'புதுச் சாவியைப் போட்டேன், ரீஸ்டார்ட் செய்தேன், அப்படியே இருக்கிறது' என்று புலம்புவது இதனால்தான். கான்ஃபிக்கில் இரண்டு சாவியும் இருப்பதை உறுதிசெய்து, சேவையை நிறுத்தி, அந்த '.பைண்ட்' கோப்பையும் அதன் '.ஜேஎன்எல்' கோப்பையும் வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு எழுப்புங்கள். பைண்ட் கான்ஃபிக்கை மறுபடி படிக்கும்.

சாவியைக் கையால் சேர்ப்பவர்கள் அதை ஐயானா தளத்தின் 'ரூட்-ஆங்கர்ஸ்.எக்ஸ்எம்எல்' கோப்போடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். 38696-இன் சுருக்கக் குறி 683டி2டி0ஏ என்று தொடங்கும். தொடக்கம் பொருந்துகிறது என்று திருப்தி அடையாமல் 64 எழுத்தையும் பாருங்கள். ஒருமுறை கல்லூரி இணைப்பிலும் ஒருமுறை மொபைல் டேட்டாவிலும் எடுத்து ஒப்பிட்டால் இன்னும் நல்லது. பத்திரிகையில் அச்சானதையோ வாட்ஸ்அப்பில் வந்ததையோ பார்த்து அடிக்கக் கூடாது. எங்கள் பத்திரிகையும் இதில் அடக்கம்.

பெரம்பூரில் வீட்டில் ராஸ்பெரி பையில் விளம்பரம் தடுக்கும் பை-ஹோல் வைத்திருக்கிறேன். டிஎன்எஸ்செக் 'ஆன்'. ஏதாவது செய்ய வேண்டுமா?

ஆம், அப்டேட் செய்ய வேண்டும். பை-ஹோலுக்குள் இருப்பது டிஎன்எஸ்மாஸ்க். அதற்கு 5011 முறை தெரியாது, எத்தனை நாள் ஓடினாலும் புதிய சாவியைக் கற்காது. மென்பொருளோடு வரும் சாவிதான் அதன் சாவி. சமீபத்திய பதிப்புக்கு மாற்றிவிட்டு, கான்ஃபிக்கில் 'ட்ரஸ்ட்-ஆங்கர்' என்று தொடங்கும் வரிகளில் 38696 இருக்கிறதா என்று தேடுங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி ரவுட்டரில் 'டிஎன்எஸ்மாஸ்க்-ஃபுல்' போட்டு டிஎன்எஸ்செக் இயக்கியவர்களுக்கும் இதே பதில். பவர்டிஎன்எஸ் ரிகர்சரும் லினக்ஸ் மேசைக்கணினியில் உள்ள சிஸ்டம்டி-ரிசால்வ்டும் இதே சாதிதான், அப்டேட்டில் வந்தால்தான் சாவி. பவர்டிஎன்எஸ்ஸில் 'ரெக்_கன்ட்ரோல் கெட்-டாஸ்' என்று கேட்டால் என்னென்ன சாவி இருக்கிறது என்று பட்டியலிடும்.

சௌகார்பேட்டையில் மொத்த வியாபாரம். எல்லா கணினியிலும் டிஎன்எஸ்ஸாகக் கூகுளின் 8.8.8.8 போட்டிருக்கிறோம்.

உங்களுக்கு வேலை இல்லை. சரிபார்ப்பை கூகுள் செய்கிறது, சாவியும் அவர்கள் கவலை.

மணலியில் ஒரு தொழிற்சாலை. எங்கள் ஃபயர்வாலில் டிஎன்எஸ்ஸுக்கு யுடிபி 53 மட்டும் திறந்திருக்கிறது. 'டிஎன்எஸ் என்றால் யுடிபிதான், டிசிபி திறந்தால் ஆபத்து' என்கிறார் ஃபயர்வால் பார்ப்பவர். சாவி மாற்றத்துக்கு இது இடைஞ்சலா?
– ஐடி பிரிவு

இடைஞ்சல்தான். அவர் சொல்வது பழைய பாடம்.

யுடிபி என்பது ஒரே பாக்கெட்டில் கேட்டுப் பெறும் வழி, டிசிபி என்பது இணைப்பு ஏற்படுத்திக்கொண்டு பெரிய பதிலையும் பெறும் வழி. சாவிகள் நீளமானவை. ரூட்டின் சாவித் தொகுப்பைக் கேட்டால் வரும் பதிலில் 2048 பிட் சாவிகள் இரண்டு மூன்று, அவற்றோடு கையெழுத்து. சாவி மாற்றக் காலத்தில் இது இன்னும் பெருக்கும். கடந்த முறை 2017 செப்டம்பரில் பதில் 1,414 பைட் வரை போனது. 2019 ஜனவரியில் பழைய சாவியை ரத்து செய்த கட்டத்தில் 1,425 பைட். 2020-க்குப் பின் வந்த ரிசால்வர் மென்பொருள்களோ யுடிபியில் 1,232 பைட்டுக்கு மேல் வேண்டாம் என்றுதான் கேட்கின்றன. பெரிய பாக்கெட் வழியில் துண்டாகி, துண்டை ஃபயர்வால் கீழே போடுவதைத் தவிர்க்க இந்த ஏற்பாடு. 1,414 பைட் பதில் 1,232-க்குள் அடங்காது. சர்வர் 'துண்டிக்கப்பட்டது' என்ற குறியோடு பதில் அனுப்பும், உங்கள் ரிசால்வர் உடனே டிசிபியில் மறுபடி கேட்கும். அங்கே உங்கள் ஃபயர்வால் கதவைச் சாத்தியிருக்கும். சாவி கிடைக்காமல் எதையும் சரிபார்க்க முடியாது.

சோதிக்க ரிசால்வர் சர்வரிலிருந்தே 'டிக் +டிசிபி +டிஎன்எஸ்செக் . டிஎன்எஸ்கீ @192.5.5.241' என்று கேளுங்கள். அது எஃப் ரூட் சர்வரின் முகவரி. பதில் வந்தால் வழி திறந்திருக்கிறது. 'டைம்டு அவுட்' என்றால் ஃபயர்வாலில் ரிசால்வரின் முகவரியிலிருந்து வெளியே போகும் டிசிபி 53-ஐத் திறக்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து உள்ளே வருவதைத் திறக்கத் தேவையில்லை, அதனால் அவர் பயப்படும் ஆபத்தும் இல்லை. சில ஃபயர்வால்களில் 512 பைட்டுக்கு மேற்பட்ட டிஎன்எஸ் பாக்கெட்டை நிறுத்தும் பழைய 'இன்ஸ்பெக்ஷன்' விதி ஒன்று ஒளிந்திருக்கும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள். டிஎன்எஸ்செக் காலத்தில் அந்த விதிக்கு வேலையே இல்லை.

எண்ணூரில் சிறிய பிரவுசிங் சென்டர். பழைய கணினி ஒன்றை டிஎன்எஸ் சர்வராக வைத்திருக்கிறோம். நீண்ட பவர் கட் முடிந்து ஆன் ஆனால் 'நெட் வருது, ஆனா ஒரு சைட்டும் ஓப்பன் ஆகலை'. பத்து நிமிடம் தடவிக்கொடுத்தால் சில நாள் சரியாகிறது, சில நாள் இல்லை. சாவி மாற்றம் இப்போதே தொடங்கிவிட்டதா?

இல்லை. உங்கள் கணினி தேதியை மறந்துவிடுகிறது என்றுதான் தெரிகிறது. டெர்மினலில் 'டேட்' என்று அடித்துப் பாருங்கள். பல ஆண்டு பின்னால் காட்டினால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் செல் செத்துவிட்டது.

டிஎன்எஸ்செக் கையெழுத்து ஒவ்வொன்றுக்கும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. ரூட்டின் சாவித் தொகுப்பின் மேல் உள்ள கையெழுத்துக்கே மூன்று வாரம்தான் ஆயுள். கடிகாரம் சில நிமிடம் பிசகினால் ஒன்றும் ஆகாது. 2012 என்று காட்டினால், இன்றைய கையெழுத்து எல்லாம் 'இன்னும் தொடங்கவில்லை' என்று தள்ளப்பட்டு, எல்லாப் பெயருக்கும் 'செர்வ்ஃபெயில்' என்ற தோல்விப் பதில் வரும். இதில் ஒரு முடிச்சும் விழுகிறது. நேரத்தைத் திருத்த என்டிபி என்ற நேர சர்வரின் பெயரைத் தேட வேண்டும். பெயரைத் தேடினால் கையெழுத்து செல்லாது. கையெழுத்து செல்ல நேரம் சரியாக வேண்டும். சில நாள் தானாகச் சரியாவது, என்டிபி நிரலிடம் பழைய ஐபி முகவரி ஏதாவது மிச்சம் இருப்பதால் இருக்கலாம்.

செல்லை மாற்றுவதுதான் முதல் மருந்து. புதிது மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும். 2.7-க்குக் கீழே இறங்கியதைத் தூக்கிப் போடுங்கள். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். கடலோரத்தில் செல் உட்காரும் கவ்வியில் பச்சை பூத்திருக்கும். அதைச் சுரண்டித் துடைக்காமல் புது செல் போட்டால் மூன்றே மாதத்தில் பழைய கதைதான்.

இரண்டாவது, முடிச்சை அவிழ்ப்பது. குரோனி என்ற நேரத் திருத்த நிரலில் ஒரு நேர சர்வரையாவது பெயரில்லாமல் ஐபி முகவரியாகவே எழுதுங்கள், அல்லது உங்கள் ரவுட்டரே நேரம் கொடுக்குமானால் அதைக் காட்டுங்கள். 'மேக்ஸ்டெப் 1.0 3' வரி இருந்தால் ஆண்டுக்கணக்கான பிசகையும் எழுந்தவுடன் ஒரே தாவலில் திருத்தும். அன்பவுண்டில் 'டொமைன்-இன்செக்யூர்' என்ற வரியில் அந்த நேர சர்வரின் பெயரை மட்டும் கொடுத்தாலும் சரிபார்ப்பில்லாமல் முகவரி கிடைக்கும். டிஎன்எஸ்மாஸ்கில் இதற்கென்றே 'டிஎன்எஸ்செக்-டைம்ஸ்டாம்ப்' என்ற வசதி உண்டு. இணைய சேவை தருபவர்கள் என்ஐசி (தேசிய தகவல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வர்களோடு கடிகாரத்தைப் பொருத்த வேண்டும் என்று, மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று ஆணையிட்டது. என்ஐசியின் சமய்1, சமய்2 சர்வர்களை மேலே சொன்ன முறையில் எழுதிவைத்தால் இரண்டு வேலையும் முடியும்.

ராஜாஜி சாலையில் கப்பல் சரக்கு முகவர் அலுவலகம். விண்டோஸ் சர்வர் 2019, டொமைன் கன்ட்ரோலரே டிஎன்எஸ் சர்வர். கேள்விகளை அது அனுப்பும் ஃபார்வேர்டர்கள் எங்கள் இணைய நிறுவனத்துடையவை.

பவர்ஷெல்லில் 'கெட்-டிஎன்எஸ்சர்வர்ட்ரஸ்ட்ஆங்கர்' கட்டளையில் பெயருக்கு ஒரு புள்ளி மட்டும் கொடுங்கள். எதுவும் வராவிட்டால் உங்கள் சர்வர் சரிபார்ப்பதே இல்லை, வேலையும் இல்லை. சாவிகள் வந்தால் 38696-இன் நிலை 'வேலிட்' ஆக இருக்க வேண்டும். இல்லையென்றால் 'ஆட்-டிஎன்எஸ்சர்வர்ட்ரஸ்ட்ஆங்கர் -ரூட்' கொடுத்து மறுபடி பாருங்கள். கூடவே இணைய நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, தங்கள் ரிசால்வர்களில் 38696 ஏறிவிட்டதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சுங்க இணையதளம் திறக்காமல் ஒரு நாள் நின்றால் துறைமுகத்தில் டெமரேஜ் ஏறும். அதற்கு இந்த ஒரு மின்னஞ்சல் மலிவு.

மாற்றம் நடக்கும் நாளில் நாங்கள் என்ன கவனிக்க வேண்டும்? கோளாறு வந்தால் உடனடியாக என்ன செய்வது?
– கொருக்குப்பேட்டை நெட்வொர்க் டெக்னீஷியன்

அக்டோபர் 11 ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு நன்றாகப் போய்விட்டது என்று சட்டையைக் கழற்ற வேண்டாம். ரூட் சாவித் தொகுப்பின் டிடிஎல், அதாவது நகலை வைத்திருக்கக்கூடிய காலம், 48 மணி நேரம். உங்கள் ரிசால்வர் அதைச் சனிக்கிழமை கடைசியாக எடுத்திருந்தாலும் சரி, மாற்றத்துக்குச் சற்று முன் எடுத்திருந்தாலும் சரி, அந்த நகல் காலாவதியாகும் வரை எல்லாம் நன்றாகவே தெரியும். தயாராகாத சர்வர் திங்கள் காலையிலும் விழலாம், செவ்வாய் இரவிலும் விழலாம். அதனால் ஞாயிறு முதல் செவ்வாய் முடிய ஆள் இருக்கட்டும். அந்த மூன்று நாளும் காரணமில்லாமல் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். ரீஸ்டார்ட் செய்தால் நகல் போய்விடும், செவ்வாய் விழ வேண்டியது அப்போதே விழும். பழைய ஸ்னாப்ஷாட்டை மீட்பதும் கூடாது. 2024இல் எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்கு 38696 என்றால் யாரென்றே தெரியாது. மாற்றத்துக்குப் பின் அது தானாகக் கற்கவும் வழியில்லை, ஏனென்றால் அது நம்பும் சாவி இனி கையெழுத்திடாது.

புகார் வந்தால் முதலில் நோயைப் பிரித்துப் பாருங்கள். 'பிங் 8.8.8.8' போகிறதா? போகவில்லை என்றால் லைன் பிரச்சினை, இந்தக் கட்டுரையை மூடிவையுங்கள். போகிறது என்றால் உங்கள் ரிசால்வரிடம் ஏதாவது ஒரு பெயரை 'டிக்' செய்யுங்கள். 'செர்வ்ஃபெயில்' வந்தால் அதே கட்டளையின் முடிவில் '+சிடி' சேர்த்து மறுபடி கேளுங்கள். '+சிடி' என்றால் சரிபார்க்காமல் கொடு என்று பொருள். இப்போது முகவரி வந்தால் சரிபார்ப்பில்தான் கோளாறு, அதாவது சாவி அல்லது கடிகாரம். '+சிடி' போட்டும் வரவில்லை என்றால் வேறு காரணம் தேடுங்கள்.

சாவிதான் என்று உறுதியானால், வாடிக்கையாளர் போனைக் கீழே வைக்க முதலில் சரிபார்ப்பைத் தற்காலிகமாக நிறுத்தலாம். பைண்டில் 'ஆர்என்டிசி வேலிடேஷன் ஆஃப்', பிறகு 'ஆர்என்டிசி ஃப்ளஷ்'. அன்பவுண்டில் 'வால்-பெர்மிசிவ்-மோட்: எஸ்' என்று எழுதி ரீஸ்டார்ட். உடனே தளங்கள் திறக்கும். இந்த நிலையில் போலிப் பதிலையும் சர்வர் ஏற்கும் என்பதால் இப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. மேலே சொன்னபடி புதிய சாவியைச் சேர்த்து, சரிபார்ப்பை மறுபடி இயக்குங்கள்.

இயங்குகிறதா என்று அறிய இரண்டு கேள்வி போதும். 'டிக் . எஸ்ஓஏ +டிஎன்எஸ்செக்' பதிலின் கொடிகளில் 'ஏடி' (சரிபார்க்கப்பட்டது) இருக்க வேண்டும். 'டிஎன்எஸ்செக்-ஃபெயில்டு.ஆர்க்' என்ற பெயர் வேண்டுமென்றே கையெழுத்துக் கெட்டுப்போனபடி வைக்கப்பட்டது. அதைக் கேட்டால் 'செர்வ்ஃபெயில்' வர வேண்டும். அதற்கும் முகவரி வந்துவிட்டால் சரிபார்ப்பு இன்னும் அணைந்தே கிடக்கிறது. பழைய 20326-ஐ அப்போதும் அழிக்க வேண்டாம். அதை ரத்து செய்யும் அறிவிப்பு 2027இல் ரூட்டிலேயே வரும், சர்வர் பார்த்துத் தானே நீக்கிக்கொள்ளும். கையால் எழுதிவைத்த கோப்பாக இருந்தால் மட்டும் அப்போது நீங்கள் எடுத்துவிடுங்கள்.